பீட்டில் இன்ஜினுக்கு மூன்று முறை பிஸ்டன் வாங்கினேன்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்புக்கு மேல் தண்ணீர். அம்மா, அப்பா, நான் மூவரும் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். கீழே போர்ட்டிகோவில் அப்பாவின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மூழ்கிக் கிடந்தது. 1984-ல் அவர் வாங்கிய கார். மாடியிலிருந்து அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்யவே பல மாதம் ஆனது. காரை யாரும் தொடவில்லை. 2021-ல் அப்பா போய்விட்டார். அடுத்த ஜனவரியில், அந்தக் காரை மறுபடி ஓட வைத்தே தீருவது என்று இறங்கினேன். அதில் இரண்டு வருடமும் ஒரு லட்சத்துக்கு மேல் பணமும் வீணாகப் போயின. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் காரில் இன்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. விசிறி அடிக்கும் காற்றில்தான் இன்ஜின் ஆறவேண்டும். நான்கு சிலிண்டர்களும் ஒரே பிளாக்கில் இல்லாமல், சுற்றிலும் துடுப்பு வைத்த நான்கு தனித்தனி இரும்புக் குழாய்களாக இருக்கும். நம் மெக்கானிக்குகள் பேரல் என்பார்கள். அதற்குள் முன்னும் பின்னும் ஓடுவதுதான் பிஸ்டன். பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். வெள்ளத்தில் பேரலுக்குள் புகுந்த தண்ணீர் ஆறு வருடம் அங்கேயே உட்கார்ந்து பிஸ்டனும் பேரலும் ஒன்றோடு ஒன்று துருவேறி ஒட்டியிருந்தன. டீசல் ஊற்றி ஊற்றிப் பதினோரு நாள் ஊறவைத்த பிறகுதான் நான்காவது பிஸ்டன் அசைந்தது. கழற்றிப் பார்த்தால் பேரலின் உட்சுவர் முழுக்கக் குழி குழியாகத் துரு.

இங்கேயே முதல் பாடம் ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1968 மாடல் என்று போட்டிருந்தது. அதை வைத்துப் பாகம் தேடினால் தப்பாகத்தான் கிடைக்கும். பீட்டிலில் இன்ஜினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சுலபம் என்பதால் பல கார்களில் பிறந்த இன்ஜினே இருக்காது. முதலில் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே கிராங்க் கேஸில் (பேரல்கள் பொருந்தும் இன்ஜினின் நடு உடல்) பொறித்த எண்ணைப் பாருங்கள். அதைவிட நிச்சயமான வழி, போரையும் (பேரலின் உள் விட்டம்) ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஓடும் தூரம்) நீங்களே அளப்பது. 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் போர் 77 மில்லி என்றால் அது 1300. 83 என்றால் 1500, 85.5 என்றால் 1600. என்னுடையது 85.5. அதாவது 1584 சிசி இன்ஜின். எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆனால் விசிறிக் கூண்டு மட்டும் பழையது, ஆயில் கூலர் அதற்குள்ளேயே நிற்கும் மாதிரி. இது பின்னால் எனக்குப் பெரிய வினையாக வந்தது.

ராயப்பேட்டையில் பீட்டில் வேலை தெரிந்த பாய் ஒருவர் உண்டு. வயது எழுபதுக்கு மேல். அப்பாவின் காரை முன்பே பார்த்தவர். அவரிடம் போனபோது, "தம்பி, இந்தப் பேரலைத் தூக்கிப் போட்டுட்டு புது செட்டு வாங்கிக்க. போர் போடறதெல்லாம் வேணாம்" என்றார். வெளிநாட்டிலிருந்து புது செட் வரவழைக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தயங்கினேன். பேரலைத் துளைத்து 86 மில்லியாக்கி, அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் குறைந்த செலவில் முடியும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். அது பொய்யில்லை. இந்த இன்ஜினுக்கு அரை மில்லி, ஒரு மில்லி ஓவர்சைஸ் உண்டு. பிஸ்டன் செட் 16,500, போரிங்கும் ஹோனிங்கும் 3,200, கேஸ்கெட், சீல் வகையறா 4,800. பாய்க்கு அப்போது கண் ஆபரேஷன் நடந்திருந்ததால் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் கூலி 14,000.

இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்று அம்மா வாசலில் வந்து நின்று அழுதார். நானும்தான். 340 கிலோமீட்டர் ஓடியது. மே மாதம், கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி. ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் தானாகக் குறைந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பதில் இல்லை. 'கிறீச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீக்கடை நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிட்டது! சந்தோஷத்தில் மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். நீலப் புகையும் கடகட சத்தமுமாக மறுபடி நின்றது. வண்டியை ஏற்றிவர 4,500 கொடுத்தேன். சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் பேரலில் இறுகி நின்ற, இன்ஜின் ஆறியதும் ஸ்டார்ட் ஆவது ஒரு பொறி. பிஸ்டனின் அலுமினியம் பேரலில் இழுவி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு அடியும் பேரலைக் கீறும். முதல் தடவையே வண்டியை ஏற்றியிருந்தால் இரண்டு பேரலாவது பிழைத்திருக்கும்.

கழற்றியபோது பாய் வந்திருந்தார். பிஸ்டனைக் கையில் வாங்கி, ஸ்கர்ட் என்கிற அதன் அடிப்பக்கச் சுவரைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுவியிருந்தது. மைக்ரோமீட்டரை ஸ்கர்ட்டின் அடியில், பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைத் தாங்கும் குறுக்கு ஊசி) குறுக்காகப் பிடித்து அளந்தார். பிறகு கீறல் படாத ஒரு பேரலின் உள்ளே அளந்தார். "ஒரு தவு கூட இல்லையே தம்பி, எங்க அளந்தான் அவன்?" என்றார். தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிக் கணக்கில் 0.025. இந்த இன்ஜினுக்குப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.04 முதல் 0.06 மில்லி வேண்டும், அதாவது சுமார் இரண்டு தவு. பேரலைத் துளைத்துக் கொடுத்த பட்டறைக்காரர் இரண்டு தவுதான் விட்டேன் என்று சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பிஸ்டன் தலைப்பக்கம் ரிங் (வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) உட்காரும் காடிக்குச் சற்றுக் கீழே அளந்துவிட்டார். பிஸ்டன் உருளை மாதிரித் தெரிந்தாலும் உருளை கிடையாது. தலைப்பக்கம் சிறுத்து, ஸ்கர்ட் அடியில் பருத்து, பின் இருக்கும் வாக்கில் கொஞ்சம் ஒடுங்கி, முட்டை வடிவத்தில் இருக்கும். சூடேறியதும் தலைதான் அதிகம் விரியும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். சிறுத்த இடத்தில் அளந்து இடைவெளி விட்டால் பருத்த இடத்தில் இடைவெளி மிஞ்சாது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் சுற்றும் பிளாக்கில் தப்பித்துவிடக்கூடிய தவறு, காற்றில் ஆறும் பேரலில் தப்பாது.

அந்தப் பட்டறைக்காரரை நம்பிக் கொடுத்துவிட்டு வந்தது என் தவறு. பேரலைத் துளைக்கக் கொடுத்தால் துளைத்து முடித்ததும் ஸ்கர்ட்டின் அடியில், பின்னுக்குக் குறுக்காக, உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். நான்கு பிஸ்டனையும் நான்கு பேரலையும் அளந்து, எது எதற்கு ஜோடி என்று மார்க்கர் பேனாவில் எழுதி வையுங்கள். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாததற்கு எனக்கு 43,000 போனது.

இரண்டாவது தவறு இதைவிட வருத்தமானது, ஏனென்றால் இந்த முறை ஆசைப்பட்டு விழுந்தேன். புது செட்தான் என்று முடிவெடுத்துத் தேடும்போது 87 மில்லி செட் கண்ணில் பட்டது. கிராங்க் கேஸையோ ஹெட்டையோ (பேரலை மேலே மூடும் பாகம்) வெட்ட வேண்டாம், அப்படியே உட்காரும், இன்ஜின் 1641 சிசி ஆகும் என்று விளம்பரம். விலை 31,000. இரும்புப் பேரல் கனம் என்பதால் கூரியரும் சுங்க வரியுமே 17,400. பேரலை இறக்குமதி செய்பவர்கள் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எடையைக் கேட்டு வாங்கி, வரியோடு கணக்குப் போடுங்கள்.

1584 எங்கே, 1641 எங்கே? கூடுதலாகக் கிடைப்பது 57 சிசி. நூற்றுக்கு மூன்றரை. ஓட்டும்போது அது தெரியவே தெரியாது. ஆனால் அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். கிராங்க் கேஸில் பேரல் நுழையும் துளை 90 மில்லி. துளையை வெட்டாமல் நுழையவேண்டும் என்றால் பேரலின் அடிப்பகுதியும் வெளியே 90-தான் இருக்கமுடியும். உள்ளே 85.5 என்றால் சுவர் இரண்டேகால் மில்லி. உள்ளே 87 என்றால் ஒன்றரை. 88 மில்லியையும் வெட்டாமல் நுழைப்பதுபோலச் செய்து விற்கிறார்கள். அதில் மிஞ்சுவது வெறும் ஒரு மில்லி. சிசியைக் கூட்டுவதற்காகச் சுவரில் மூன்றில் ஒரு பங்கை விற்றுவிட்டேன். இந்த இன்ஜினில் சூட்டைத் தாங்குவதும் அந்தச் சுவர், அதைத் துடுப்புக்குக் கடத்துவதும் அந்தச் சுவர், வட்டம் கோணாமல் நிற்பதும் அதே சுவர்தான். சென்னை மே மாதத்தில் ஓட்டப்போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அதன் கனத்தைத்தான். உண்மையிலேயே சக்தி வேண்டும் என்பவர்கள் கிராங்க் கேஸையும் ஹெட்டையும் வெட்டி 90.5 மில்லி போடுவார்கள், 1776 சிசி வரும். வெட்டிப் பெரிதாக்குவதால் அதில் சுவரும் கனமாக இருக்கும். ஆனால் வெட்டிய கேஸ் வெட்டியதுதான், பழைய அளவுக்கு அப்படியே திரும்ப முடியாது. அப்பாவின் இன்ஜினை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

87 செட் 2023 பிப்ரவரியில் ஏறியது. பூட்டும் கூலி 12,000. ஆறு மாதம், 1,800 கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓடியது. அதன்பின் ஆயில் குறைய ஆரம்பித்தது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எடுத்தால் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 80 பிஎஸ்ஐ. நல்ல 1600-ல் 114-க்கு மேல் இருக்கவேண்டும், 85-க்குக் கீழே போனால் பிரித்தே ஆகவேண்டும். பிரித்தோம். போர் கேஜில் (பேரலின் உள் விட்டம் அளக்கும் கருவி) பார்த்தால் மூன்றாம் பேரல் 0.11 மில்லி கோணி, முட்டை வடிவமாகியிருந்தது. மூன்றாம் பேரலே ஏன்? பழைய விசிறிக் கூண்டில் ஆயில் கூலர் அந்தப் பேரலுக்கு மேலேயே நின்று காற்றை மறைக்கும். அதனால் அது எப்போதுமே மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூடு வைத்து வெளியே தள்ளியதே அதற்காகத்தான்.

பாய் அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தகடு எங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஒரு பக்கத்து இரண்டு பேரலுக்கும் நடுவே அடிப்புறமாக மாட்டவேண்டிய காற்றுத் தகடு. விசிறிக் காற்று மேலிருந்து கீழே இறங்கும்போது அந்தத் தகடுதான் அதைப் பேரலின் அடிவயிறு வரை சுற்றிப் போகவைக்கும். அது இல்லையென்றால் காற்று நேரே கீழே கொட்டிவிடும், பேரலின் கீழ்ப்பாதி வெந்துபோகும். முதல் தடவை பூட்டியவர் வேண்டாதது என்று நினைத்து விட்டிருக்கிறார். இரண்டாவது தடவையும் அவரேதான் பூட்டினார். வீட்டுக்கு ஓடிவந்து ஷெட்டில் கிடந்த பழைய சாக்கைக் கொட்டினேன். வெள்ளத்துச் சேறு காய்ந்து படிந்து, வளைந்த இரண்டு தகர வில்லைகள். துருவை உரசினால் உள்ளே நல்ல தகரம். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மெல்லிய சுவரும் இல்லாத தகடும் சேர்ந்து 60,400 ரூபாயை எரித்துவிட்டன. கழற்றும்போது ஒவ்வொரு தகரத்தையும் போட்டோ எடுங்கள். பூட்டிய பிறகு சாக்கில் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

மூன்றாவது செட் வாங்குமுன் நான்கு மாதம் எதுவும் செய்யவில்லை. மனம் விட்டுப்போயிருந்தது. அம்மாதான், "பாயையே கூட வெச்சுக்கிட்டு நீயே அளந்து பண்ணு" என்றார். 85.5 மில்லி, சாதாரண வார்ப்புப் பிஸ்டன், எல்லாம் சேர்த்து 38,000. ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த) பிஸ்டன் உறுதியானது என்று சிலர் சொன்னார்கள். உறுதிதான், ஆனால் அது அதிகம் விரியும் என்பதால் இடைவெளியும் கூடுதலாக விடவேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சூடேறும்வரை தட்டும். ரேஸ் ஓட்டாதவருக்கு அது தேவையில்லை. அதோடு போர் கேஜ், மைக்ரோமீட்டர், இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜ் மூன்றும் வாங்கிக்கொண்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் பூட்டிவிடாதீர்கள். புதுப் பெட்டியில் வருவதெல்லாம் சரியாக இருக்கும் என்பது இல்லை. நான்கு பிஸ்டனையும் துணியில் சுற்றி, தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப்போய் அவர்கள் தராசில் வைத்தேன். கடைப் பையன் ஒவ்வொன்றாக வைத்து எடை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மூன்று ஒன்றையொன்று ஒட்டி வந்தன, நான்காவது ஒன்பது கிராம் கூட. ஒரே இன்ஜினில் புதுப் பிஸ்டன்களுக்குள் ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது. லேத்தில் ஸ்கர்ட்டின் உள்பக்க அடி விளிம்பைக் கொஞ்சம் கடைந்து சரிசெய்தோம். அடுத்து பேரல்களைக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி உயரம் பார்த்தோம். ஒரு ஹெட் இரண்டு பேரலின்மேல் உட்காருகிறது, நடுவே கேஸ்கெட் கிடையாது. அந்த இரண்டில் ஒன்று குட்டை என்றால் அங்கே வாயு கசியும். துடுப்புகளுக்கு நடுவே வார்ப்புப் பிசிறு அடைத்திருந்தது. அதை அரத்தால் எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. காற்று போகாத துடுப்பு இருந்து என்ன பயன்?

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் பேரலுக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியைப் பாருங்கள். மேல் ரிங்குகளுக்கு 0.30 முதல் 0.45 மில்லி, ஆயில் ரிங்குக்கு 0.25 முதல் 0.40. என் செட்டில் இரண்டு ரிங்கில் 0.20-தான் இருந்தது. அப்படியே போட்டிருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு பேரலைக் கீறியிருக்கும். மெல்ல அரம் போட்டு 0.35-க்குக் கொண்டுவந்தோம். ரிங்கிலுள்ள 'டாப்' என்ற எழுத்து பிஸ்டன் தலையைப் பார்க்கவேண்டும். ஆயில் ரிங்கின் வாய் வானத்தைப் பார்க்கவேண்டும், படுத்த இன்ஜினில் ஆயில் அடியில்தான் தேங்கும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி நான்கிலும் ஃபிளைவீல் பக்கம். பிஸ்டன் பின்னைப் பூட்டும் சர்க்ளிப்புகளில் (பூட்டு வளையங்கள்) பழையதைத் திரும்பப் போடவே கூடாது.

கம்ப்ரெஷன் விகிதத்தைக் கணக்கிடாமல் பூட்டுவதும் இங்கே வழக்கம். ஹெட்டின் குழியை அக்ரிலிக் தகட்டால் மூடி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தேன், 51 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பேரல் விளிம்புக்குக் கீழே 1.5 மில்லி. அந்த இடம் 8.6 சிசி. ஆக 59.6. ஒரு சிலிண்டர் 396 சிசி. 396-ஐயும் 59.6-ஐயும் கூட்டி 59.6-ஆல் வகுத்தால் 7.6 வருகிறது. கம்பெனி விட்டது 7.5. நம் ஊர் வெயிலுக்கு அதற்குப் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள். ஹெட் நட்டுகள் 10 மில்லி ஸ்டட் என்றால் 31 நியூட்டன் மீட்டர், 8 மில்லி என்றால் 25. கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை, கை பலத்தில் இறுக்கினால் மரை உரிந்து வந்துவிடும்.

இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை) போதாது. எரிபொருள் குறைந்து காற்று கூடிப் பிஸ்டன் சூடாகும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன். முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு ஐடிலில் நிறுத்தி வேடிக்கை பார்க்காமல் ரோட்டில் எடுத்து, ஏற்றி இறக்கி ஓட்டினோம். அப்போதுதான் ரிங் பேரலோடு பதியும். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் 0.15-க்கு வைத்தோம். இந்த இன்ஜினில் ஃபில்டர் கிடையாது, கம்பி வலைதான். அதைக் கழற்றிப் பார்த்தபோது விரல் நுனியில் கொஞ்சம் மினுமினுப்பு, அவ்வளவே.

இப்போது 9,000 கிலோமீட்டர் ஆகிறது. போன வாரம் எடுத்த கம்ப்ரெஷன்: 124, 126, 121, 125. மூன்றாம் சிலிண்டர்தான் அந்த 121. சென்ற மே மாதம் அம்மாவை உட்காரவைத்து, அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், அதே மதியம் இரண்டு மணிக்கு ஓட்டிப்போனேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி அந்த டீக்கடையில் நிறுத்தி, இன்ஜின் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். சுட்டது, ஆனால் விரலில் பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தது. அந்த போர் கேஜ் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. முடிச்சூர், தாம்பரம் பக்கம் யாராவது பேரல் வாங்கியிருந்தால், பூட்டுவதற்கு முன்னால் எடுத்து வாருங்கள், சேர்ந்தே அளந்து பார்த்துவிடலாம்.